யாருக்கு, எந்த ஊருக்கு? மலையில் பின்னல் பழக ஒரு வழிகாட்டி

பின்னல் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஊசி வாங்கணும், எந்த உல்லன் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, யாருக்குப் போடப் போகிறோம் என்பது. ஆள் முடிவானால் பொருள் முடிவாகிவிடும். பொருள் முடிவானால் நூலும் ஊசியும் தானாக வந்து சேரும். ஆளே இல்லாமல் நிறம் அழகாக இருக்கிறது என்று வாங்கி வந்த நூல்கண்டுகள்தான் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளின் பீரோக்களில் பாதி மஃப்ளராக உறங்கிக் கொண்டிருக்கின்றன.

ஆளோடு சேர்த்து ஊரையும் யோசியுங்கள். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊட்டியில் விடிகாலை வேலைக்குக் கிளம்பும் தாத்தாவுக்குக் கம்பளிக் குல்லா ஒரு வரம். அதே குல்லாவை மதுரையில் இருக்கும் சித்திக்கு அனுப்பினால், "ரொம்ப அழகா இருக்குடி" என்று போனில் சொல்லிவிட்டு மடித்து வைத்துவிடுவார். கீழே இருப்பவர்களுக்குப் பருத்தி நூலில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா போட்டுக் கொடுங்கள். வாசல் தோரணம், செல்போன் பை, டம்ளர் வைக்கிற மேட், சாமி படத்துக்கு அடியில் விரிக்கும் துணி என்று எதுவானாலும் வெயில் ஊரிலும் புழங்கும். பின்னல் பழகிய மலைக்காரர்கள் சமவெளிச் சொந்தங்கள் எல்லாருக்கும் ஸ்வெட்டர் போட்டுக் கொடுப்பதை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தலாம்.

கடையில் வாங்குவதைவிட இது மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டில் தொங்கும் மெஷின் ஸ்வெட்டரின் விலையோடு கைப்பின்னல் போட்டி போடவே முடியாது. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. கடை ஸ்வெட்டருக்கு மூன்று நான்கு அளவுதான். உங்கள் மாமாவின் நீளக் கைக்கும், பாட்டி காது முழுக்க மூட வேண்டும் என்று கேட்பதற்கும் அங்கே அளவு கிடையாது. அந்த ஒரு ஆளுக்கென்று டேப் வைத்து அளந்து போடுகிற சந்தோஷம் தனி. இன்னொன்று, கை பழகிவிட்டால் கண் தேவைப்படாது. மழையில் கரண்ட் போன சாயங்காலத்தில் டிவியும் இல்லாமல், செல்போனில் சார்ஜும் இல்லாமல் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வேலை மட்டும் நடந்து கொண்டிருக்கும்.

ஊசி

ஊசிக்காக நீலகிரிக்காரர்கள் வெளியூரைத் தேட வேண்டியதில்லை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில், மலை ரயில் நின்று போகும் கேத்தியில்தான் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் இருக்கிறது. 'போனி' என்ற பெயரில் வரும், ஜோடியாகப் பிடித்துப் பின்னும் நிட்டிங் ஊசிகளும் குரோஷா ஊசிகளும் அவர்களுடையவை. கொடைக்கானலில் வாங்கினாலும் பெரும்பாலும் அதே பெயர்தான் கையில் வரும்.

நம்மூர்க் கடைகளில் நிட்டிங் ஊசியை நம்பர் சொல்லித்தான் கேட்பார்கள். இது பழைய இங்கிலாந்துக் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8-ஆம் நம்பர் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12-ஆம் நம்பர் 2.75 மி.மீ. இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டு டிசைன்களில் வேறு நம்பர் இருக்கும், அதனால் மி.மீ. கணக்கை மட்டும் நம்புங்கள். "அண்ணா, எட்டாம் நம்பர் ஒரு ஜோடி குடுங்க" என்று கேட்டு வாங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். பன்னிரண்டாம் நம்பரில் தொடங்கினால் ஒரு சாண் துணி வருவதற்குள் வெறுத்துவிடும். குரோஷாவுக்குக் கம்பளி நூல் என்றால் 4 மி.மீ., பருத்தி என்றால் 3 மி.மீ. ஊசி ஒன்று. இவற்றோடு இன்ச் டேப், கத்தரிக்கோல், முனை மழுங்கிய பெரிய காதுள்ள ஊசி. வரிசை எண்ணும் கருவி, கண்டு சுற்றும் கருவி என்று ஆன்லைனில் காட்டுவதையெல்லாம் ஒரு வருஷம் கழித்துப் பார்த்துக் கொள்ளலாம்.

நூல்

மலையில் இருப்பதாலேயே கடையில் இருப்பதெல்லாம் ஆட்டுக் கம்பளி என்று எண்ண வேண்டாம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆட்டோடு மெரினோ போன்ற இனங்கள் கலந்து உருவான நீலகிரி ஆட்டை அங்கே காப்பாற்றி வருகிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. நுண்மையான கம்பளி தருகிற ஆடுகள்தாம். ஆனால் பஜாரில் 'உல்லன்' என்று சொல்லி விற்கும் கண்டு பெரும்பாலும் வடக்கே ஆலையில் தயாரான அக்ரிலிக். லேபிளில் எழுதியிருக்கும். லேபிள் இல்லையென்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலைத் தொட்டால் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும்.

அக்ரிலிக் மட்டமான நூல் இல்லை. பழகுவதற்கு அதுதான் சரி. விலை குறைவு, அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாலும் தாங்கும், பூச்சி அரிக்காது, குழந்தை துணியைப் போலத் துவைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கரி அடுப்பை நடுவில் வைத்துக் குளிர் காய்கிற வீட்டுக்கும், விறகடுப்பில் சமைக்கிறவர்களுக்கும் தொங்கலான அக்ரிலிக் சால்வை வேண்டாம். அவர்களுக்குக் கொஞ்சம் கூடப் போனாலும் அசல் கம்பளியே வாங்குங்கள். கம்பளி சட்டென்று பற்றாது, உருகவும் செய்யாது.

முதல் நூலின் நிறம் வெளுப்பாக இருக்கட்டும். மஞ்சள், இளநீலம், பாதாம் நிறம் என்று ஏதாவது. பள்ளிக்கூட ஸ்வெட்டரின் நேவி ப்ளூவிலும் மெரூனிலும் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) எது, இடுக்கு எது என்றே தெரியாது, அதுவும் பனி இறங்கிய மத்தியானத்தில். மொசமொசவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபேன்சி நூலும் வேண்டாம். அதை அவிழ்ப்பது நரகம். 8-ஆம் நம்பர் ஊசிக்கு ஒத்த நடுத்தரத் தடிமனில், இறுக்கமாக முறுக்கிய நூல் கேளுங்கள். தேவையான அத்தனையையும் ஒரே தடவையில் வாங்கி, லேபிளில் இருக்கும் சாய எண் எல்லாக் கண்டிலும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த வாரம் வாங்கும் அதே நிறம் அதே நிறமாக இருக்காது. மஃப்ளரின் நடுவில் கோடு போட்டதுபோல் காட்டிக் கொடுத்துவிடும்.

சிட்டமாக, அதாவது உருண்டையாகச் சுற்றாமல் பெரிய வளையமாக வாங்கிய நூலென்றால் முதலில் கண்டாகச் சுற்ற வேண்டும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடியுங்கள். தளர்வாகச் சுற்றுங்கள், இழுத்துச் சுற்றினால் நூலின் துள்ளல் போய்விடும்.

முதல் பாடம்: ஏற்றுவதும் போடுவதும் ஒரே அசைவு

நூல் முனையில் சுருக்கு முடிச்சு போட்டு இடது கை ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாலாக நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறிபோல் நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும். கண்டிலிருந்து வரும் நூலை வலது ஊசியின் முனைக்கு அடியில் கொடுத்து, இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டு வாருங்கள். இப்போது வலது முனையால் அந்த நூலைக் கோலிக்கொண்டு கண்ணி வழியாக முன்பக்கம் இழுங்கள். வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று உட்கார்ந்திருக்கும். பழையதைக் கழற்றாமல், புதியதையும் எடுத்து இடது ஊசியில் மாட்டுங்கள். இப்போது இரண்டு கண்ணி. இப்படியே 40 வரை ஏற்றுங்கள்.

ஏற்றத் தெரிந்தவருக்கு நிட் என்கிற அடிப்படைப் பின்னல் போடத் தெரிந்தாயிற்று. நுழைப்பதும் நூலைச் சுற்றுவதும் இழுப்பதும் அப்படியேதான். கடைசியில் மட்டும், புதுக் கண்ணியை இடது ஊசியில் மாட்டாமல் வலது ஊசியிலேயே விட்டுவிட்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். நாற்பதும் வலப்பக்கம் வந்ததும் ஒரு வரிசை முடிந்தது. ஊசிகளைக் கை மாற்றிப் பிடித்து மறுபடி ஆரம்பியுங்கள்.

எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டால் வருவதுதான் கார்ட்டர். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும், ஓரம் சுருளாது. நடுத்தர நூலில் 40 கண்ணி 18 முதல் 20 செ.மீ. அகலம் வரும், அது மஃப்ளருக்கு அளவான அகலம். நீளம் 150 செ.மீ. வைத்தால் பெரியவர்கள் ஒரு சுற்று சுற்றி முன்னால் தொங்கவிடலாம். நூல் 150 முதல் 200 கிராம் ஆகும்.

ஆனால் மஃப்ளரை முதல் வேலையாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஒன்றரை மீட்டர் ஒரே மாதிரி போட்டுக் கொண்டிருப்பது ஆரம்பக்காரரின் பொறுமைக்குச் சோதனை. பாதி மஃப்ளர்கள் பீரோவில் கிடப்பதற்குக் காரணம் அந்த நீளம்தான். அதே நிட்டை வைத்துக்கொண்டு குல்லா போடுங்கள்.

தாத்தாவுக்கு ஒரு குல்லா

இந்தக் குல்லாவுக்கு பர்ல் என்கிற இன்னொரு பின்னல் தெரிய வேண்டாம், கண்ணி குறைக்கவும் தெரிய வேண்டாம். நீளச் சதுரம் ஒன்று போடத் தெரிந்தால் போதும்.

முதலில் தலையை அளக்க வேண்டும். டேப்பைப் புருவத்துக்கு மேலாகவும் காதுக்கு மேலாகவும் கொடுத்துச் சுற்றி வாருங்கள். பெரியவர்களுக்கு 54 முதல் 58 செ.மீ. இருக்கும். குல்லா கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதால் அதில் 5 அல்லது 6 செ.மீ. கழித்துக் கொள்ளுங்கள். 56 என்றால் 50.

54 கண்ணி ஏற்றுங்கள். இது குல்லாவின் உயரம், சுமார் 25 செ.மீ. கீழே ஒரு மடிப்பு மடித்துவிட்டாலும் காது மூடும். 50 செ.மீ. நீளம் வரும்வரை வரிசைக்கு வரிசை நிட். கார்ட்டர் பின்னல் நெடுக்குவாட்டில் நன்றாக இழுபடும். இதைப் படுக்க வைத்துத் தலையைச் சுற்றிக் கொண்டு வருவதால் அந்த இழுவை தலைச் சுற்றுக்குப் போய்ச் சேருகிறது, ஸ்வெட்டர் ஓரத்தில் இழுபடும் ரிப் பின்னல் போட்டதுபோல் கவ்வும். இந்தச் சின்னச் சூட்சுமம்தான் வடிவம் எதுவும் போடாமலே குல்லாவைக் குல்லாவாக்குகிறது.

அளவு வந்ததும் முடிக்க வேண்டும். இரண்டு கண்ணி நிட் போடுங்கள். வலது ஊசியில் முதலில் போட்ட கண்ணியை இடது ஊசி முனையால் தூக்கி, இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டி விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று போட்டு, மறுபடி தாண்டல். கடைசிக் கண்ணி வழியாக நூலை வெட்டி இழுத்துவிடுங்கள். தளர்வாக முடியுங்கள், இங்கே இறுக்கினால் அந்த விளிம்பு விறைத்து நிற்கும்.

தொடங்கிய விளிம்பையும் முடித்த விளிம்பையும் சேர்த்து மழுங்கல் ஊசியால் தைத்தால் குழாய் கிடைக்கும். குழாயின் ஒரு வாய் முழுக்க நூலைக் கோத்துச் சுருக்குப் பைபோல் இறுக்கி இழுத்து, நாலு தடவை குறுக்கே தைத்து முடிச்சுப் போடுங்கள். உச்சியில் கொஞ்சம் துருத்தும். அந்த இடத்தில் குஞ்சம் ஒன்று கட்டிவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கும் பிடிக்கும். தாத்தா குஞ்சம் வேண்டாம் என்பார், கேட்டுக் கொள்ளுங்கள். மொத்தம் 100 கிராம் நூல் தாராளம்.

இதே கணக்கில் விரலில்லாக் கையுறையும் வரும். 34 கண்ணி ஏற்றி, உள்ளங்கைச் சுற்றளவுக்கு 2 செ.மீ. குறைவாகப் போட்டு, கட்டைவிரலுக்கு 4 செ.மீ. இடைவெளி விட்டுத் தையுங்கள். டிசம்பர் பனியில் ஸ்கூட்டர் எடுக்கிறவர்களும், டீக்கடையில் சில்லறை எண்ணுகிறவர்களும் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

கணக்கு தப்பும்போது

54 ஏற்றியது பத்து வரிசையில் 57 ஆகியிருக்கும். எல்லாருக்கும் நடக்கும். திருப்பிப் பிடிக்கும்போது நூல் ஊசிக்கு மேலாக ஏறிப் பின்னால் போய்விட்டால், முதல் கண்ணி இரண்டு காலோடு நிற்கும், இரண்டையும் தனித்தனிக் கண்ணி என்று நினைத்துப் போட்டுவிடுவோம். புது வரிசை தொடங்கும் முன் நூலைக் கீழே இழுத்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். நாலு வரிசைக்கு ஒரு முறை எண்ணுங்கள். நூலைப் பிளந்து பாதி இழையில் குத்துவதாலும் எண்ணிக்கை கூடும்.

கண்ணி நழுவிவிட்டால் பதற வேண்டாம். ஊசியை அசைக்காமல், நழுவின கண்ணியைக் குரோஷா ஊசியில் பிடித்து, அதற்கு மேலே ஏணிப்படிபோல் தெரியும் நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். குரோஷா போடாதவர்களும் ஒரு குரோஷா ஊசி வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஊசி நகரவே மாட்டேன் என்கிறதா? இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். தோளை இறக்கிவிட்டு, ஒரு நம்பர் தடித்த ஊசிக்கு மாறுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் வைத்துவிட்டு விரலை நீட்டி மடக்குங்கள். குளிரில் விறைத்த விரலோடு ஒரே மூச்சில் போட்டால் மணிக்கட்டு பழிவாங்கும்.

பர்ல் அப்புறம் தானாக வரும். நூலை முன்னால் வைத்துக்கொண்டு, வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக முன்பக்கத்தில் நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்னால் தள்ள வேண்டும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் கடை ஸ்வெட்டர்போல் வழுவழுப்பான முகம் கிடைக்கும், ஓரம் மட்டும் சுருளும். ஒரே வரிசைக்குள் இரண்டு கண்ணி நிட், இரண்டு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் ரிப்.

குரோஷா

குரோஷாவில் ஒரே ஊசி, ஒரே கண்ணி உயிரோடு இருக்கும். நழுவினாலும் ஒன்றுதான் போகும். அதனால் பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லித் தரலாம். துணி கொஞ்சம் விறைப்பாக வரும், நூலும் நிட்டிங்கைவிடக் கூடப் பிடிக்கும். அதனால் உடம்போடு ஒட்ட வேண்டிய உடுப்புக்கு நிட்டிங், வடிவம் நிற்க வேண்டிய பை, மேட், பொம்மைக்குக் குரோஷா என்று வைத்துக் கொள்ளுங்கள். அசல் குரோஷாவை மெஷினில் போட முடியாது. கடையில் தொங்கும் குரோஷாப் பையின் விலை கேட்டு மலைப்பவர்கள் இதை நினைத்துக் கொள்ளலாம்.

சுருக்கு முடிச்சை ஊசியில் மாட்டி, நூலைக் கொக்கியில் சுற்றி உள்ளே இழுத்தால் ஒரு செயின். 21 செயின் போடுங்கள். கொக்கியிலிருந்து இரண்டாவது செயினில் குத்தி, நூலைச் சுற்றி இழுங்கள். ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிடுங்கள். இது சிங்கிள் குரோஷா. அடுத்தடுத்த செயினிலும் இப்படியே போடுங்கள், வரிசைக்கு 20 வர வேண்டும். முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் திருப்புங்கள். அகலமும் உயரமும் சமமானால் டம்ளர் மேட் தயார். ஆறு போட்டால் கோயம்புத்தூர் அத்தைக்குப் புதுமனைப் பரிசு. ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்பது இங்கிலாந்துக் குறிப்பில் டபுள். யூடியூபில் ஒன்றும் பழைய புத்தகத்தில் இன்னொன்றுமாகப் பார்த்தால் டிசைன் உருப்படாது.

ஊட்டியில் பார்க்கும் தோடர் சால்வையையும் பின்னல் என்று நினைத்துக்கொண்டு, "இது எந்த ஊசியில போட்டது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது பின்னல் இல்லை, பூவேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமான நூலால், படம் வரையாமல் இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணிக்கையில் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க அதை ஒரு தரம் கையில் எடுத்து, பின்பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன்

பச்சைக் குழந்தைக்கு என்றால் சில விஷயங்கள் கட்டாயம். கழுத்தில் நீளக் கயிறு வேண்டாம், பறித்து வாயில் போடக்கூடிய பொத்தானும் மணியும் வேண்டாம். சாக்ஸுக்குள் தளர்ந்த நூல் நீட்டிக்கொண்டிருந்தால் பிஞ்சு விரலைச் சுற்றிக்கொள்ளும், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நூலை உங்கள் கழுத்தில் உரசிப் பாருங்கள். உங்களுக்கே குத்தினால் குழந்தைக்கு ஆகாது.

பின்னி முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ கலந்து நனைத்து, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, டவலில் சுருட்டி அதன் மேல் ஏறி நில்லுங்கள். ஜூன், ஜூலை மழையில் ஊட்டியில் இதைச் செய்யாமல் காயப்போட்டால் வாரக்கணக்கில் ஈரவாடைதான். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுபோகும், பாயில் பரப்பி அளவுக்கு இழுத்துவிட்டுக் காயவிடுங்கள். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி வைத்தால் துணி செத்துவிடும். அசல் கம்பளியை எடுத்து வைக்கும்போது நன்றாகக் காய்ந்த பிறகு, பாச்சா உருண்டையோடு மூடிய பையில் போடுங்கள். குழந்தைத் துணிக்கு மட்டும் பாச்சா உருண்டை கூடாது.

பரிசோடு அதே நூலில் இரண்டு மீட்டரும், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் வைத்துக் கொடுங்கள். ஓட்டை விழுந்தால் அடைக்க நூல் இருக்கும்.

முதல் குல்லாவைத் தாத்தா போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வந்ததும், "எனக்கும் ஒன்னு போட்டுக் குடும்மா, காசு தர்றேன்" என்று அக்கம்பக்கம் வரிசை கட்டும். சரி என்று சொல்லிவிட்டு, நூலை அவர்களே வாங்கி வரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு வர மாட்டார்கள். வருகிறவர்களின் தலையை அளந்து குறித்துக் கொள்ளலாம்.